தறிக்காரர்களுக்கு நான் போட்ட பேசாத படம்

ஆரணியில் ஒரு கேபிள் ஆபீஸில் வேலை பார்த்து இப்போதுதான் ஓய்வு பெற்றேன். கம்ப்ளெயிண்ட் போன் எடுப்பதும் எங்கள் லோக்கல் சேனலில் மதியப் படம் போடுவதும் என் வேலை. அந்த நாற்காலிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. போன் அலறிய மதியம்

ஓனர் தணிகாசலம் சார், எங்குமே ஓடாத படங்களாகப் பார்த்து மொத்தமாக உரிமை வாங்கியிருந்தார். எனக்கு அது புதையல். செத்துப்போன மாமனார் மிக்சிக்குள் புகுந்துகொண்டு மருமகளுக்குச் சமையல் சொல்லித்தரும் படம். தேர்தலில் கழுதை ஜெயித்துவிட, ஊரே மனுவோடு அதன் முன்னால் நிற்கும் படம். போட்டேன், யாரும் குறை சொல்லவில்லை.

அந்தத் தைரியத்தில் எனக்கு உயிரான படத்தைப் போட்டேன். உப்பளத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கோபித்துக்கொண்டு, பேசாமலே குடித்தனம் நடத்துகிறார்கள். படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. பார்வையிலேயே சண்டை, பார்வையிலேயே சமாதானம். என்ன படம் தெரியுமா!

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வைத்தால் மறுபடி அடித்தது.

"இன்னாம்மா, கேபிள் புட்டுகிச்சா?"

"சத்தமே காணோம், ஜல்தியா ஆளை அனுப்புங்க!"

"படம் ஓடிகினுதாங்க இருக்குது" என்றால் திட்டு விழுந்தது. ஐயோ, ஆடிப்போய்விட்டேன்.

ஓனர் வந்தார். "ஏம்மா மல்லிகா, தெருவே டிஷ்ஷுக்கு மாறிடுவேன்னு மிரட்டுது. உன் ரசனைய உன் வூட்டோட வெச்சிக்கோ. நாளைக்கும் இந்த பேஜார் வந்துச்சுன்னா மதியப் படமும் கிடையாது, உனக்கு இங்க வேலையும் கிடையாது."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

2. கஸ்தூரி அக்கா வீட்டு டிவி

போனில் அதிகமாகத் திட்டியவர் நெசவுத் தெரு கஸ்தூரி அக்கா. சமாதானம் சொல்ல நானே அவர் வீட்டுக்குப் போனேன். தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள் நான். அதுவரை தறி வீட்டுக்குள் போனதே இல்லை.

அக்கா குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரை வெறும் கறுப்பு.

"அக்கா, டிவில படமே வரலியே!"

"அது போயி எவ்ளோ காலமாச்சு. சத்தம் வருதில்ல, போதும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படம் தெரியாத டிவிக்கா மாதாமாதம் கேபிள்?

"டிவிய பாத்துகினே நெய்ய முடியுமா? இழை போயிடும்மா. கண்ணு சேலை மேலயே இருக்கணும், காதுதான் சும்மா கிடக்குது. அந்த மிக்சி மாமனார் இருந்தாரே, அடேயப்பா, இன்னா பேச்சு! அந்த மாதிரி போடேன்."

பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே டிவி நன்றாக இருந்தது, ஆனால் மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. அடக் கடவுளே, இத்தனை நாள் நான் யாருக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தேன்!

3. வந்துட்டானா?

மறுநாள் காலையில் கண்ணை மூடிக்கொண்டு காதால் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாழுங்கிணற்றில் விழுந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவன், அங்கிருக்கும் தவளைக்கு பாலிசி விற்கப் பார்க்கிறான். ஓயாத பேச்சு. பாதி கேட்டதுமே திருப்தியாகி எழுந்துவிட்டேன்.

மதியம் படம் ஓடியது. ஓனர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போன் அடிக்கவே இல்லை. கடைசியில் கிணற்றுக்குள் ஒரு கயிறு இறங்கியது. அவன் பேசாமல் அதைப் பிடித்து ஏறினான். கயிறு உரசும் சத்தம் மட்டும்தான். போன் அடித்தது.

"மல்லிகா, அவன் மேல வந்துட்டானா இல்லியா?" கஸ்தூரி அக்கா கத்தினார். "தெருவுல எல்லாரும் தறிய நிறுத்திட்டு என் வூட்ல நின்னுகினு இருக்கோம்!"

"வந்துட்டான்க்கா."

"தவளை?"

"சட்டைப் பையில இருக்குது."

அந்தப் பக்கம் பல பேர் கைதட்டும் சத்தம் கேட்டது. வைத்ததும் அடுத்த போன். ஓனரின் செல்லும் அடித்தது. எடுத்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "யோவ், வந்துட்டான்யா! தவளையும் வந்துடுச்சி!"

பிள்ளைகளே, யாருக்காவது ஒரு படத்தைப் போடும் முன்னால், அவர்கள் வீட்டில் டிவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அந்த நாளுக்குப் பிறகு பேச்சில்லாத இடங்களில் நானே மைக்கில் சொல்ல ஆரம்பித்தேன். உப்பளப் படத்தையும் மறுபடி போட்டு, முதலிலிருந்து கடைசி வரை இரண்டு பேருக்கும் நானே பேசினேன்.

முடிந்ததும் கஸ்தூரி அக்கா போன் செய்தார். "படம் பிரமாதம்மா. ஆனா அந்தப் பொண்டாட்டி ரொம்பப் பேசுறா."