சித்தப்பாவின் பர்மிய மரியாதை

ரங்கூனில் எங்கள் சித்தப்பாவைப் போல மரியாதை தெரிந்த ஆளே கிடையாது என்பது சின்ன வயதில் என் கட்சி. போட்டாதாங் படகுத்துறையில் அவர் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. பர்மியர்கள் பெரியவர்களிடம் எதையாவது நீட்டும்போது இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வார்கள். சித்தப்பா அதை எல்லோருக்கும் செய்தார். மீன்கூடைக்காரிக்கு டிக்கெட் தந்தாலும் அப்படித்தான், எனக்கு மிட்டாய் தந்தாலும் அப்படித்தான். எனக்குப் பெருமை பிடிபடாது.

உண்மையில் அந்த இடக்கை, வலக்கையின் நடுக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. முன்பு ஒரு தூக்கக் காய்ச்சலில் அவர் படுத்து எழுந்திருந்தார். அது போகிற போக்கில் மூளையில் எதையோ கெடுத்துவிட்டது, இது நடுக்குவாதம் என்றார் டாக்டர். சும்மா வைத்திருக்கும்போதுதான் கை அதிகம் ஆடும். நடை குட்டைக் குட்டை அடியாகிவிட்டது. முகம் சிரிப்பை மறந்துவிட்டது. என்மேல்தான் ஏதோ கோபம் என்று நான் சித்தியிடம் போய் மூக்கைச் சிந்துவேன்.

மருந்து, பெல்லடோனாத் துளிகள். நோயைத் தீர்க்காது, கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். குடித்தால் வாய் வறண்டு, கண் மங்கி, டிக்கெட்டில் உள்ள எழுத்து தெரியாது. குடிக்காவிட்டால் கை ஆடும். கை ஆடுகிறவனைக் குடிகாரன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பத் துரைமாருக்கு எவ்வளவு நேரமாகும்? அப்பா போன பிறகு அந்த ஒரு வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் நானும் சித்தியும் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது பெரிய துரை சோதனைக்கு வந்திருந்தார். எழுத்து தெரியவேண்டுமே என்று சித்தப்பா அன்று காலையில் மருந்துத் துளிகளைக் குடிக்கவில்லை. துரை ஒரு டிக்கெட்டைக் கேட்டார். பயமும் சேர்ந்துகொள்ள, முழங்கையைப் பிடித்தும் டிக்கெட் படபடவென்று ஆடியது. துரை இடக்கையைச் சுட்டிக்காட்டி ஏதோ சிடுசிடுத்தார்.

"ஐயோ முருகா, அந்தக் கைய எடுக்கச் சொல்றாரு போலிருக்கே!" என்று சித்தி என் தோளை இறுக்கினாள்.

அதற்குள் துறையின் மேலாளர் குறுக்கே வந்தார். அவர் பர்மியர், எல்லோரும் மரியாதையாக, ஐயா என்பதுபோல, சயா என்று கூப்பிடுவார்கள். சித்தப்பாவிடமிருந்து டிக்கெட்டை வாங்கி, தன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, குனிந்து துரையிடம் நீட்டினார். இது எங்கள் நாட்டு வழக்கம், நான்தான் இவருக்குப் பழக்கினேன் என்று இங்கிலீஷில் சொன்னாராம். துரை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், எல்லாக் குமாஸ்தாக்களும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கிறார்கள். சயாவின் உத்தரவாம். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"பாருங்க சித்தப்பா, எல்லாரும் உங்களப் பார்த்துச் செய்றாங்க. வேணாம்னு சயாகிட்ட சொல்லுங்க."

"இருக்கட்டும் கண்ணு. செய்யட்டும்."

குரல் காற்றாகத்தான் வந்தது. முகத்தில் அசைவே இல்லை, கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது. தன் மரியாதையைப் பறிகொடுத்த துக்கம் என்று நினைத்து நான் உருகிப்போனேன். ஒரு கை தனியாகத் தெரியக்கூடாது என்றுதான் சயா அத்தனை கைகளையும் துணைக்குச் சேர்த்தார் என்பது எனக்கு எங்கே தெரியும்? அந்தப் பக்கமாக வந்த சயா சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்ட வந்தபோது, வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.