எனக்காக எழுந்து நின்ற எங்கள் நைனா

எங்கள் தந்தை, நாங்கள் நைனா என்று அழைத்தவர், நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. பள்ளிக்கூடம் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கால்கள் இன்றும் தாமாக நின்றுவிடுகின்றன. அவர் இருந்தபோது அப்படி நிற்பது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. அது எப்படி வந்தது என்பதை இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நைனா பிறந்தது பேரணாம்பட்டை அடுத்த ஒரு சிற்றூரில். மழை பொய்த்த வருஷம் ஒன்றில், வயலில் கூலி கிடைக்காமல், தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்பூருக்கு நடந்து வந்தார். மீசை அரும்பும் முன்பே தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப் போடுவதும், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்கி அதைப் புரட்டுவதும் அவர் வேலை. குழிகளுக்கு நடுவிலுள்ள வரப்பு எப்போதும் வழுக்கும். அங்கே விழாத ஆளில்லை, நைனாவைத் தவிர, என்று அவரோடு உழைத்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள். மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டதும் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தானாம். சோற்றில் வைத்த கையோடும் எழுவாராம். வீட்டிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் எழுந்துவிடுவார்.

என்னைப் படிக்க அனுப்பியபோது தெருவே சிரித்தது. "பொட்டப்புள்ள படிச்சி இன்னா பண்ணப் போவுது? ஷாப்புல கணக்கு எழுதவா?" என்றார் உறவினர் ஒருவர்.

"எழுதட்டுமே. உன் பேரையும் சேத்து எழுதுவா, கவலப்படாத" என்றார் நைனா.

எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையும் அவர் கொடுத்ததே.

வேலூரில் என் ஆசிரியர் பயிற்சி முடிவதற்குள் நைனாவின் இதயம் பலமிழந்துவிட்டது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும், கால்கள் வீங்கிவிடும். வேலையை விட்டுக் கட்டிலோடு இருந்தார். ஆம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை, வீட்டுக்குள் நுழைந்தேன். நைனா சட்டென்று எழுந்து நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே கண் செருகி, அம்மிக்கல்லின் மேல் விழுந்தார். நெற்றி பிளந்து இரத்தம் கொட்டியது.

வேலூர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போட்ட டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயம் தளர்ந்தவர் திடீரென்று எழுந்தால் தலைக்கு இரத்தம் போதாமல் கண் இருண்டுவிடும். வீங்கிய கால் தடுமாறும். நீர் இறங்கக் கொடுக்கும் மருந்தாலும் தலை சுற்றலாம். அதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது. முதலில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, சற்றுப் பொறுத்து, ஆள் துணையோடுதான் எழ வேண்டும். "மறுபடியும் தலையில் அடிபட்டால் தாங்கமாட்டார்" என்றும் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நைனா, ஊர் திரும்பியபின் நான் வந்தபோது மறுபடியும் எழுந்தார், மறுபடியும் விழுந்தார். இந்த முறை கையில் அடி.

"இன்னாய்யா, உம் மக இன்னா கலெக்டரா? குந்துய்யா!" என்று அம்மா அழுதுகொண்டே திட்டினார்கள்.

"ஷாப்புலதான் காலமெல்லாம் எழுந்து நின்னியே நைனா, இங்க யாருக்கு பயம்?" என்று நானும் கேட்டேன்.

"அங்க நின்னது பயத்துல, பாப்பா. ஒருத்தருக்காச்சும் ஆசப்பட்டு எழுந்து நிக்க வேணாவா?"



எதிர் வீட்டு பாய் மாமா, நைனாவோடு ஷாப்பில் வேலை செய்தவர். அவர் வந்தால் உடனே உள்ளே வரமாட்டார். வாசற்படியில் அமர்ந்துகொண்டு, "தோஸ்த், நான் குந்திட்டேன்! நீ எழுந்தா எனக்குத்தான் பேஜாரு" என்று குரல் கொடுப்பார். அவர்தான் என்னிடம், "எழுந்திருக்காதன்னா அவன் கேக்கமாட்டாம்மா. நீ லேட்டா உள்ள வா, அவன் மெதுவா எழுந்திருக்கட்டும்" என்றார்.

அன்று முதல் நான் வாசலில் நின்று கூப்பிடுவேன். "பொறு டீச்சரம்மா, இப்ப வராத!" என்று உள்ளிருந்து குரல் வரும். கால்களைத் தொங்கவிடுவார். மூச்சு அடங்கும்வரை எல்லோரும் காத்திருப்போம். பிறகு அம்மா ஒரு பக்கம், பாய் மாமா ஒரு பக்கம் பிடிக்க, நைனா நிமிர்ந்து நிற்பார். "இப்ப வா" என்பார். நான் படி தாண்டியதும் உட்கார்ந்துவிடுவார். அதன்பிறகு அவர் விழவே இல்லை.

கடைசி நாட்களில் படுத்தால் மூச்சு முட்டியது. சுருட்டிய படுக்கையில் சாய்ந்தே இருந்தார். ஒரு மாலை வழக்கம்போல் வாசலில் நின்று கூப்பிட்டேன். "பொறு" என்ற குரல் மட்டும் வந்தது. வெகுநேரம் நின்றேன்.

"இன்னிக்கி நீயே வந்து குந்திக்க பாப்பா. நாளைக்கி எழுந்துக்கறேன்" என்றார்.

அவர் காலருகே போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில், அம்மாவின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், மாலை தவறாமல் வந்து நைனாவைத் தாங்கிப் பிடித்த பாய் மாமாவுக்கும், அவரது கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த ஷாப்புத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று எங்கள் வீட்டுக்கு வரும் பெரியவர்களே, வாசலில் ஒரு கணம் பொறுத்து வாருங்கள். நைனா இருந்த இடத்தில் உங்களுக்காக நாங்கள் எழுந்து நிற்கிறோம்.