எட்டாவது நடை

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேர்தல் செலவைப் பார்க்க வெளி மாநிலத்திலிருந்து வந்த அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது.

அவர் பக்கத்தில் கணக்கு பார்க்கிற அம்மா. கண்ணாடி போட்டவர். கேள்வியெல்லாம் அவர்தான் கேட்டார்.

கூட்டங்களைப் படம் பிடித்து வந்த வீடியோக்காரர்.

வேட்பாளர் சார்பில் கணக்கு காட்ட வந்த கட்சிக்காரர். எனக்குச் சேர் ஆர்டர் கொடுத்தவரும் அவரே.

நான். என் காலடியில் ஒரு சாக்கு மூட்டை.

வேட்பாளர் வரவில்லை.

இடம் வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ். பஸ்ஸில் போனேன். வாசலில் போலீஸ்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"ஒடைஞ்ச சேருங்க."

"ஒடைஞ்ச சேர எதுக்கு இங்க எடுத்தாந்த? உள்ளயே ஏகப்பட்டது கெடக்குது. நீ வேணா நாலு எடுத்துனு போ."

"வரும்போது பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

எங்களுக்கு அடி அண்ணாமலையில் சேர் வாடகைக் கடை. முன்பு பந்தலும் போட்டோம். வீட்டுக்காரர் பந்தலிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு அதை விட்டோம். இப்போது சேர் மட்டும். அறுநூற்று நாற்பது வைத்திருந்தோம். அவர் கடையில் உட்கார்ந்து போன் எடுப்பார். ஏற்றுவது, இறக்குவது, எண்ணுவது என் வேலை. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்ணுவதில் தடுமாற்றம் கிடையாது.

எங்கள் சேர் ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சள் பெயிண்டில் இரண்டு கோடு இருக்கும். பெரிய கூட்டத்துக்குப் பத்தாவிட்டால் டவுன் கடைகளில் வாங்கிச் சேர்ப்போம். ஒரு கடைக்குச் சிவப்பு வட்டம். இன்னொரு கடைக்குப் பச்சைப் பெருக்கல் குறி. திரும்பி வந்ததும் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் குத்துமதிப்பு என்பது இல்லை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, எல்லாச் சேரும் கை பட்டுத்தான் போகும். இருபது சேர் ஓர் அடுக்கு. அடுக்குக்கு ஒரு கரிக்கோடு, கொட்டகைச் சுவரில்.

சேர் உடைந்தால், அடையாளம் இருக்கிற துண்டைக் கொண்டுவர வேண்டும். துண்டு இருந்தால் நஷ்டம் கேட்கலாம். இல்லாவிட்டால் சேர் காணாமல் போன கணக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லாக் கடைக்கும் அதுதான்.

தேர்தல் கூட்டத்துக்கு வேறு சட்டம். வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதனால் ஆயிரம் சேர் போட்டாலும் பில்லில் இருநூறுதான் ஏறும். எண்ணிக்கையை அவர்கள் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் வெறும் பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். நானும் இரண்டு தேர்தலுக்கு அப்படிக் கொடுத்தேன். போன தடவை நான்கு பில். வாடகை கைக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இதை நான் மறைக்கவில்லை.

இந்தத் தடவை முன்பணம் வந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் எடுக்கிறோம் என்று தோண்டினார்கள். பாதி தூரம் சிமெண்ட் போட்டார்கள். என் கடைக்கு முன்னால் வெறும் பள்ளம். அதன் மேல் நானே ஒரு பலகை போட்டேன். வீட்டுக்காரர் கம்பு ஊன்றிக்கொண்டு அதன் மேல்தான் போய்வருகிறார். தெரு முனையில் போர்டு மட்டும் நன்றாக நின்றது. பணி முடிந்தது என்று அதில் இருந்தது. தொகையும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, எது முடிந்தது என்று கிராமசபையில் கேட்டேன். மனு எழுதிக் கொடு என்றார்கள். கொடுத்தேன். பதில் வரவில்லை.

கட்சிக்காரர் போனில் சொன்னார்: "அக்கா, முன்பணம் ஒருத்தர் எடுத்தாந்து குடுப்பாரு. வாங்கிக்குங்க."

வந்தவர் கால்வாய் காண்ட்ராக்டர்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பலகை மேல் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார்.

"பாத்து வாங்க, ஆடும்" என்றேன்.

"சீக்கிரம் போட்டுடறோம்மா. ஃபண்டு இன்னும் வர்ல."

"இது?" அவர் கையிலிருந்த கவரைக் காட்டிக் கேட்டேன்.

"இது வேற ஃபண்டும்மா."

வாடகையில் பாதி அதில் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவர் வந்தபடியே பலகை மேல் திரும்பிப் போனார்.

கூட்டத்துக்கு எங்களுடையது அறுநூற்று முப்பத்தெட்டு போயிற்று. இரண்டு சேரில் கால் விரிசலாக இருந்ததால் அவற்றை நிறுத்திவிட்டேன். சிவப்பு வட்டம் ஐந்நூறு. பச்சை இருநூற்று எண்பது. குட்டியானை வண்டியில் நடைக்குப் பத்து அடுக்கு. ஏழு நடை அடித்து முடித்து வண்டிக்காரர் டீ குடிக்கப் போனார். அதற்குள் கட்சிக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, பின்னாடி பொம்பளைங்க நிக்கறாங்க. மீதி இருக்கிறதையும் எடுத்தாங்க."

மீதி பதினெட்டு. ஓர் அடுக்குக்கும் இரண்டு குறைவு. அந்தப் பதினெட்டுக்காக வண்டிக்காரர் எட்டாவது நடை அடித்தார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இத நான் தலைல வெச்சே எடுத்தாந்திருப்பேன்."

தலைவர் வந்ததும் ஜனம் சேர் மேல் ஏறி நின்றது. மறுநாள் காலையில் கவிழ்த்துப் பார்த்தோம். முப்பத்தெட்டு உடைந்திருந்தது. எங்களுடையது பதினேழு. டவுன் கடைகளுடையது இருபத்தொன்று. துண்டுகளை மைதானத்தில் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். ஒன்றுகூட விடவில்லை.

கட்சிக்காரர் கடைக்கு வந்தார். என்னைவிடச் சின்ன வயது. நல்ல பேச்சுக்காரர்.

"அக்கா, பில்லு இருநூத்தம்பதுக்குப் போட்டுக் குடுங்க."

"ஒடைஞ்சதுக்கு இன்னா தம்பி?"

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு."

சிரித்தார். "இருநூத்தம்பதுல முப்பத்தெட்டு ஒடைஞ்சுதுன்னா, உக்காந்தது ஜனமா யானையான்னு கேக்க மாட்டாங்களா?"

"போட்டது ஆயிரத்துக்கு மேல."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பில்லுக்குத் தெரியாதுக்கா."

"அப்ப பில்லுக்கும் தெரியட்டும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "இன்னா, புதுசாப் பேசற?"

அக்கா போய்விட்டது. நீ வந்துவிட்டது.

"தீபத் திருவிழா வருது. பௌர்ணமி அன்னதானமெல்லாம் யாரு சொன்னா நடக்குதுன்னு தெரியுமில்ல? ஒரு சேரு உன் கொட்டாயவுட்டு வெளிய போவாது."

பில் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. போய்விட்டார். ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்காரர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டுக் குடுத்துட்டுப் போயேன். அவனுங்களோட நமக்கு இன்னா?"

"டவுன் கடைக்காரங்களுக்கு இருபத்தொரு சேரு எவன் குடுப்பான்?"

"நாமதான்."

"குடுத்துடலாம். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். பிறகு சொன்னார்: "அந்த மூட்டைய மழைல வுடாத. உள்ள எடுத்து வெய்."

ஒரு வாரம் கழித்து கலெக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள்.

கணக்கு அம்மா ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். எங்கள் கடை பில். இருநூற்றைம்பது சேர் என்று யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். கீழே என் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

என்னுடையதுதான். அப்போதுதான் விளங்கியது. போன தேர்தலுக்குக் கொடுத்த நான்கு வெறும் பில்லில் ஒன்றை வைத்திருந்திருக்கிறார்கள். கட்சிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருந்தால் தீபத்துக்குச் சேர் போயிருக்கும். மீதி வாடகையும் வந்திருக்கலாம்.

"கையெழுத்து என்னுது. பில்லு என்னுது இல்ல."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"மேல பாருங்கம்மா. பந்தல், சேர் வாடகைன்னு போட்டிருக்குது. பந்தல வுட்டுட்டு, புதுசா பில்லு அடிச்சோம். அதுல சேர் மட்டும்தான் இருக்கும். இது போன எலக்சனுக்கு நான் வெறும் தாளா கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. அது என் தப்பு. எழுதிக்குங்க."

புதுப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வீடியோவுல ஒரு ஐநூறு தெரியுது" என்று வீடியோக்காரர் சொன்னார். "பின்னாடி இருட்டு. தெரியல."

நான் மூட்டையை மேசை மேல் கொட்டினேன். கட்சிக்காரர் எழுந்தே விட்டார்.

"மேடம், இது வேற எந்தக் கூட்டத்துல ஒடைஞ்சதோ!"

"தம்பி, அந்தப் பச்சைக் குறி போட்டதத் திருப்பிப் பாருங்க. உங்க கொடி ஸ்டிக்கர் ஒட்டினு இருக்குது. நான் பிச்சுப் பாத்தேன், வர்ல. நல்ல பசை."

வீடியோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

தமிழ் தெரியாத அதிகாரி இவ்வளவு நேரம் சும்மா இருந்தவர், எழுந்து வந்து துண்டுகளைப் பத்துப் பத்தாக வரிசையில் அடுக்கினார். மூன்று வரிசை. பிறகு எட்டு. என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"மொத்தம் எத்தனை சேர் போட்டீங்க? எழுதி வெச்சிருக்கீங்களா?"

"கொட்டாய் சுவத்துல கோடு இருக்குது. எழுபது முழு அடுக்கு. கடைசியில ஒரு அர கோடு. வந்து எண்ணிப் பாருங்க."

"பணம் யார் குடுத்தது? கட்சியா?"

கட்சிக்காரர் "அக்கா" என்றார். மெதுவாகச் சொன்னார். அந்த அறையில் எனக்கு அக்கா திரும்பக் கிடைத்தது.

"எங்க தெரு கால்வாய எடுத்த காண்ட்ராக்டர்."

"அவர் எதுக்குக் குடுத்தார்?"

"அத அவரக் கேளுங்கம்மா. கால்வாய் ஏன் முடியலன்னும் சேத்துக் கேளுங்க. போர்டுல முடிஞ்சிடுச்சுன்னு இருக்குது."

கணக்கு அம்மா பேனாவை நிறுத்தி அதிகாரியிடம் அவர் மொழியில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அவர் என்னிடமே அந்தப் போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். வழி சொன்னேன்.

பிறகு என்ன ஆனது என்று பலர் கேட்கிறார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதி வாடகை வரவில்லை. தீபத்துக்கு வழக்கமாகச் சேர் போகும் மூன்று இடத்தில் இரண்டு போய்விட்டது. டவுன் கடைக்காரர்களுக்கு எங்கள் சேரில் இருபத்தொன்றை மஞ்சள் கோடு சுரண்டிக் கொடுத்தேன். வாங்கும்போது அவர்கள் துண்டு கேட்கவில்லை. துண்டெல்லாம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. கணக்கு விஷயம் என்ன ஆச்சு என்று இரண்டு தடவை போய்க் கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மூன்றாவது தடவையும் போவேன். பஸ் இருக்கிறது. போர்டில் இருந்த முடிந்தது என்ற வார்த்தையை ஒருநாள் யாரோ வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். பள்ளமும் பலகையும் அப்படியே இருக்கின்றன. கட்சிக்காரர் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் திருப்பிக்கொள்வதில்லை.

வெறும் பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை.

அன்று நான் சொன்னதையெல்லாம் கணக்கு அம்மா எழுதி முடித்தார். படித்துக் காட்ட வந்தார். நானே படிக்கிறேன் என்றேன். நேரமானது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. சேர் எண்ணிக்கை வரும் இடத்தில் விரலை வைத்தேன்.

"இன்னாம்மா இது, ஆயிரத்து நானூறுன்னு போட்டிருக்கீங்க?"

"முழு எண்ணாப் போட்டேன். பெரிய வித்தியாசம் இல்லையே?"

"எட்டாவது நடை போச்சும்மா."

"பதினெட்டு சேர்தானே?"

"அந்தப் பதினெட்டையும் எறக்குனவ நான். சரியாப் போடுங்க. அப்பதான் கையெழுத்து."

அவர் என்னைப் பார்த்தார். எழுதியதை அடித்தார். மேலே திருத்தி எழுதினார்.

1,418.