மாட்டுக்கு ஜோசியம் கேட்ட மாமா

நான் அப்போதே சொன்னேன். இந்த செல்போன் ஒருநாள் சாவுச் சேதியைக்கூடப் பாதியில் அறுத்துவிடும் என்று, அது திருவண்ணாமலைக்கு வந்த வாரமே தேரடி வீதியில் நின்று சொன்னவன் நான்தான். போன வெள்ளிக்கிழமை அது நடந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சட்டைப்பை பாட்டுப் பாடியது. எடுத்தால் அக்கா மகள் மலர்க்கொடி. "மாமா, அப்பா..." என்றாள். அதோடு சரி, லைன் போய்விட்டது. அமெரிக்காவுக்கே பேசலாம் என்று விளம்பரம் போடுகிறார்கள். பக்கத்து ஊருக்கு ஒரு வாக்கியம் முழுசாகப் போய்ச் சேரவில்லை. பஸ் பிடித்து ஊருக்கு வந்து, வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன்.

என் அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் அவர்கள் காலமானார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேரடி வீதியில் டிவி, மிக்ஸி, ஃபேன் விற்கும் கடை வைத்திருந்தார். விற்கிற சாமானையே அருவருப்போடு விற்ற ஒரே வியாபாரி இந்தத் தமிழ்நாட்டில் அவர்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுப் போனதும் அவர் கடையில் உட்கார்ந்தேன். மூளை என்னுடையது, முதல் அவருடையது என்று ஊரில் பேச்சு. காலையில் பேப்பர் வந்ததும் புதுக் கண்டுபிடிப்புச் செய்திகளை நான் உரக்கப் படிப்பேன். முடித்ததும் அந்தப் பக்கத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி ஓரமாகப் போடுவார். "கருமம். இதையும் நம்ம கடையிலதான் விக்கணுமா?" என்பார்.

வட ஆற்காட்டைப் பிரித்து எங்களுக்கென்று ஒரு மாவட்டம் கொடுத்த சமயம் அது. கறுப்பு வெள்ளை டிவியைக் கலர் டிவியாக மாற்றும் பிளாஸ்டிக் தாள் என்று ஒருவன் கொண்டுவந்தான். ஒட்டிக் காட்டினான். பார்க்கக் கூட்டம் தெருவை அடைத்தது, கலெக்டரே வந்தார். சரி, கலெக்டர் ஆபீஸ் ஜீப் வந்தது. செய்தி வாசிக்கிற அம்மாவுக்குத் தலை நீலம், முகம் சிவப்பு, கழுத்துக்குக் கீழே பச்சை. மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இந்தம்மா பெயிண்டு கடையில வுழுந்து எழுந்து நேரா வேலைக்கு வந்துட்டாங்க போல" என்றார். தாளை உரித்து, ஈரத்துணி கேட்டுத் தம் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் கொசுவுக்கு மட்டும் கேட்கும் சத்தம் போட்டு அதை விரட்டும் பெட்டி வந்தது. அதை மாட்டிய மாலையே கொசுக்கள் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தன. "சத்தம் நல்லா கேக்குதுடா குமரேசா, அதான் கிட்ட வந்து கேக்குது" என்றார். வாங்க வந்தவர்களை அவரே திருப்பி அனுப்பினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டது.

இதெல்லாம் சிரிப்பு. மலர்க்கொடி கலியாணத்தில் வந்தது சிரிப்பல்ல.

மாப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர். மாப்பிள்ளையின் அப்பா ஜெயராமன், வேர்க்கடலை மண்டிக்காரர். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போய்த் தட்டு மாற்றியாகிவிட்டது. அந்த நேரம் கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு வந்த ஜெயராமன், கடை வரிசையில் இருந்த ரோபோ ஜோசியத்தில் போய் மாட்டிக்கொண்டார். தகர டப்பாவுக்குக் கை கால் வைத்து, வயிற்றில் கலர் பல்பு எரியவிட்டிருப்பார்களே, அதுதான். காதில் மாட்டிக்கொள்ள நாலு ஒயர் தொங்கும். மாட்டியவருக்கு மட்டும்தான் கேட்கும். இந்த ஆண்டு வீட்டில் சுபகாரியம் வேண்டாம், நடந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்று அது அவர் காதில் ஓதிவிட்டது.

மனிதர் நேராகக் கடைக்கு வந்து, சம்பந்தம் வேண்டாம் என்றார். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"மனுசன் காசுக்குப் பொய் சொல்லுவான் ஏகாம்பரம். மிஷினு எதுக்குச் சொல்லப்போவுது?" என்றார் ஜெயராமன்.

தட்டு மாற்றிய பிறகு நின்ற பெண் என்றால் ஊர் என்ன பேசும் என்று சொல்லத் தேவையில்லை. மலர்க்கொடி சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. தாய்மாமன் நான் எதிரே உட்கார்ந்தும் அது ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் மாமா ஜெயராமனைக் கையைப் பிடித்துத் தீபச் சந்தைக்கு இழுத்துப் போனார், பக்கத்தில் நான். மாட்டுச் சந்தையிலிருந்து ஒரு காளையை ஓட்டிவரச் செய்தார். முட்டுகிற காளை, நான் ஒற்றைக் கையால் கொம்பைப் பிடித்தேன். ரோபோவின் ஒரு ஒயரைக் காளையின் காதில் மாட்டினார், இன்னொன்றை ஜெயராமன் காதில். காசைப் போட்டார். பல்பு எரிந்தது. கடல் கடந்து போவீர்கள், பெண்களிடம் ஜாக்கிரதை, இந்த ஆண்டு சுபகாரியம் வேண்டாம், குடும்பத் தலைவருக்கு ஆகாது. முந்தின நாள் ஓடிய அதே கேசட்.

மாமா கேட்டார்: "இந்த மாட்டுக்கு எந்தக் கலியாணத்த நிறுத்தலாம், சொல்லுங்க சம்பந்தி?"

ஜெயராமன் ஒயரைக் கழற்றிக் கீழே போட்டார். தை மாதத்திலேயே கலியாணம் நடந்தது. குடும்பத் தலைவர் இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறார். சாவுக்கு வந்திருந்தார்.

சாவு வீட்டிலும் கருவிகள் விடவில்லை. மாமாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் கல்யாண வீடுபோலப் பச்சையும் சிவப்பும் மினுக்கும் சீரியல் பல்பு. கரண்ட் போனாலும் குளிர் குறையாது என்று பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. போகும் என்றேன், போனது. கண்ணாடி முழுக்க வியர்த்து அவர் முகமே தெரியவில்லை. மலர்க்கொடி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தது. துடைத்த இடத்தில் பார்த்தேன். உதடு லேசாகக் கோணியிருந்தது, கருமம் என்று சொல்ல வாயெடுத்தவர்போல.

ஜெயராமன் என் பக்கம் திரும்பி, "அந்த மாட்டுக் கதய ஒரு தபா சொல்லுடா" என்றார். சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாவு வீட்டில், மாமாவை விட்டால் அன்றைக்குச் சந்தையில் என்னோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மாட்டுச் சந்தை எங்கே, ரோபோக் கடை எங்கே? அந்தக் கூட்டத்தில் காளையை யார் ஓட்டிவருவது? அந்த ஒயரை மாமா மாட்டியது என் காதில். காதில் விழுந்ததை விழ விழ உரக்கச் சொல்லச் சொன்னார், சொன்னேன். "இவனுக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளயும் இல்ல. இவன் எந்தக் குடும்பத்துக்குத் தலைவன், சொல்லுங்க சம்பந்தி?" இதுதான் அவர் கேட்டது.

சந்தையில் எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கு வந்ததும், கேட்டவர்களிடம் கதையிலிருந்து என்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காளையைக் கட்டினேன். மாமா கல்லாவில் இருந்தார். எந்தப் பெட்டி பொய் சொன்னாலும் பொறுக்காதவர், பேப்பரைக்கூட இரண்டு விரலால் தூக்கிப் போட்டவர், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதன்பிறகும் நான் சொன்ன ஒவ்வொரு தடவையும், முதன்முதலாகக் கேட்பவர்போல, "காளைக்குக் கொம்பு பெருசு" என்று ஒத்து ஊதினார்.

காளை இல்லை மாமா. நான்தான். நல்லபடியாகப் போய் வாருங்கள்.