ரேடான் டப்பாவுக்குக் கிடைத்த மரியாதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம், சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நான் வடகரப்பதிக்காரி, கதிர்வீச்சு அளவீட்டில் ஆராய்ச்சி மாணவி. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு வீட்டுக்குள் எவ்வளவு தேங்குகிறது என்று பார்க்க, உள்ளங்கை அளவு டப்பாவைச் சுவரில் மாட்டிவிட்டு, சில மாதம் கழித்துக் கழற்றிக்கொண்டு போவோம்.

ஒரு வீட்டு அக்காவுக்கு டப்பாவைக் கண்டதுமே முகம் வாடிவிட்டது. தை கடைசியில் மகளுக்கு அங்கேதான் நிச்சயதார்த்தம். "இதுல கூடக் காட்டுச்சுன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாகளா மேடம்?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, எப்பவும் போல இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி.

மார்கழியில் கழற்றப் போனால், வீட்டில் அத்தனை பேருக்கும் ஜலதோஷம். அக்காவின் கணவர் குரங்குக் குல்லாவோடு கட்டிலில் சுருண்டு கிடந்தார். மலைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் முடிவு வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான், ஆனாலும் பக்கத்து வீட்டில் அளவு கொஞ்சம் கூடுதல்; இங்கே மிகக் குறைவு. டப்பா பழுதென்று நானே தீர்ப்பெழுதி, புது டப்பாவோடு போனேன்.

"உங்க ஊட்டுல ரொம்பக் கம்மிங்க்கா" என்றதும் அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கையோடு, "அப்ப இனிமே சன்னலச் சாத்திக்கிரலாம்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிருக்குப் பயந்து லயத்தில் யாரும் சன்னலைத் திறப்பதே இல்லை. இவரோ டப்பாவில் கெட்ட காற்று ஏறிவிடக் கூடாதென்று, இரவும் பகலும் எல்லாச் சன்னலையும் திறந்தே போட்டிருக்கிறார்; டப்பாவைக் கழற்றிய பிறகும், முடிவு தெரியும்வரை சாத்தவில்லை!

"வெறச்சுப் போயிட்டோம் மேடம்" என்று கணவர் மூக்கை உறிஞ்ச, என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டப்பா சரியாகத்தான் அளந்திருக்கிறது. எப்போதும் போல் சன்னல் சாத்திய, நான் அளக்க நினைத்த வீடுதான் அங்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ரேடானுக்கு மருந்தே காற்றோட்டம்தான்.

"ஆரும் காலி பண்ண வேண்டாங்க்கா. பகல்ல மட்டும் சன்னலத் தொறந்து வெச்சாப் போதும், பக்கத்து ஊட்டுலயும் சொல்லீருங்க" என்றேன்.

"இன்னுமா!" என்று குல்லாவுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

நிச்சயதார்த்தம் அந்த வீட்டிலேயே ஜாம்ஜாமென்று நடந்தது. முதல் பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள்.

இப்போதெல்லாம் டப்பாவை மாட்டும் முன், பால் விடாத ஒரு கட்டன் சாயா குடிக்கிற நேரமாவது உட்கார்ந்து பேசிவிடுகிறேன். அளக்க வருபவரைக் கண்டு ஒரு வீடு பயந்தால், அந்தப் பயமும் சேர்ந்துதான் எண்ணாக வருகிறது.