கம்பம் நின்ற ஊருக்குள் அம்மா வந்த நாள்

அம்மாவின் முதலாம் ஆண்டு வழிபாட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அண்ணன், "நீ எழுதிக் குடு, அச்சுல போட்டுக்கலாம்" என்றார். நான் பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கடலைக்காடும் குச்சிக்கிழங்குக் காடும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தார். அப்பா லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அண்ணனும் நானும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். அம்மா மரவள்ளிக் கிழங்கு மில்லில் தோல் சீவும் வேலைக்குப் போனார். குளிர்காலத்தில் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். கத்தியைப் பிடிக்க முடியாமல் துணியைச் சுற்றிக்கொண்டு சீவுவார். அப்படித்தான் எங்களை ஆளாக்கினார்.

ஊரில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அம்மா முதல் ஆளாகப் போவார். சாவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் பெரிய குண்டாவில் சோறும் ரசமும் கொதிக்கும். அண்ணன் சின்ன வயதில் கோபித்துக்கொள்வார்.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறீங்க, எனக்கு மட்டும் பழைய சோறாங்கம்மா?"

"அழுவறதுக்கும் தெம்பு வேணுமல்ல சாமி. நீ அழுவவா போற? தின்னுட்டு இரு, வாரேன்" என்று குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அண்ணன் பிறகு ரிக் வண்டியில் போர்வெல் போடும் வேலைக்குப் போய், பங்கு போட்டு வண்டி வாங்கினார். அதற்குப் பிறகும் அம்மா அந்தக் குண்டாவை இறக்கி வைக்கவில்லை.

போன பங்குனியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணனும் வேலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, அவங்க விருப்பப்பட்ட இடத்தில் இருக்கட்டும் என்றார். ஆம்புலன்ஸ் வைத்து ஊருக்குக் கிளம்பினோம்.

அது எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பி சமயம். வெளியூர்ச் சொந்தங்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நோன்பி சாட்டித் திருவிழாவை அறிவித்ததும் கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள மரத்தைக் கம்பமாக நடுவார்கள். அது நிற்கும் வரை, ஆஸ்பத்திரி போன்ற அவசரம் தவிர, ஊர்க்காரர்கள் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது. ஊருக்குள் சாவு விழுந்தால் கொட்டும் பூசையும் நின்றுவிடும். உடலை எடுத்து, கோயிலைக் கழுவிவிட்ட பிறகுதான் மறுபடி தொடங்கும். குண்டம் இறங்கித் தீ மிதிப்பதற்காகக் காப்புக் கட்டியவர்கள், கம்பம் பிடுங்கிக் காப்பை அவிழ்க்கும் வரை சாவு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள்.

ராசிபுரம் தாண்டும்போது அம்மா கண்ணைத் திறந்தார்.

"ஏஞ்சாமி, கம்பம் நட்டாச்சா?"

"நட்டாச்சுங்கம்மா. வர்ற செவ்வாய்க்கிழமை குண்டம்."

"அப்ப என்ற பொறந்த ஊட்டுக்கு உடச் சொல்லு வண்டிய. நம்மூருக்கு வேண்டாம்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டுன ஊடு இருக்கையில எதுக்குங்கம்மா அங்க போயிக் கெடக்கோணும்?"

"எத்தன பேரு விரதம் இருக்கறாங்க. என்னால குண்டம் நிக்கக் கூடாது" என்றார் அம்மா. அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மூச்சு இழுத்தது.

ஊர் எல்லையில், சேந்தமங்கலம் ரோடு பிரியும் இடத்தில், டிரைவர் தம்பி வண்டியை நிறுத்தினார். "எந்தப் பக்கம்ங்கக்கா? ஆக்சிஜன் சிலிண்டர் கொறஞ்சுட்டு வருது, சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "நான் போனா சண்டையாயிரும். நீ போயி ஊருல கேட்டுட்டு வா" என்றார்.

நான் ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போனேன். பந்தலில் தர்மகர்த்தா பெரியப்பாவும் காப்புக் கட்டிய பத்துப் பதினைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா ஊட்டுக்கு வரட்டுங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. பிறகு அழுகையோடு விவரத்தைச் சொன்னேன்.

விழாக் கமிட்டியில் இருந்த ஒரு தம்பி, "பெரியம்மாளே வேண்டாங்கறாங்க. புதன்கிழமை கம்பம் புடுங்கிருவோம். அப்புறம் கூட்டிட்டு வாங்களேன்" என்றார்.

"புதன் வரைக்கும் தாங்காதுங்க."

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எதிர்வீட்டுப் பாவாயி சின்னம்மாவும் அங்கே இருந்தார். பேரன் விபத்தில் பிழைத்ததற்காகக் குண்டம் இறங்குவதாக வேண்டிக்கொண்டு, ஒருபொழுது மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தார். குண்டம் நின்றுபோனால் அதிகம் வருத்தப்படக்கூடியவர் அவர்தான். என்ன சொல்வாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னம்மா அந்தத் தம்பியைப் பார்த்துக் கேட்டார். "ஏண்டா, கம்பம் நட்டா நம்மூரு சனம் வெளிய போயித் தங்கலாமா?"

"கூடாதுங்க."

"அக்கா எந்தூரு?"

அந்தத் தம்பி தலையைச் சொறிந்தார். பெரியப்பா நிமிர்ந்து, "போயிக் கூட்டிட்டு வா பாவாயி" என்றார். சின்னம்மா எனக்கு முன்னால் நடந்தார். முட்டிவலிக்காரர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வண்டிக் கதவைத் திறந்ததும் சண்டைக்கு வந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"ஏனுங்கக்கா, ஊருக்கே நாயம் சொல்லுவீங்க. கம்பம் நிக்கறப்ப பொறந்த ஊட்டுல போயித் தங்கறதுக்கு உங்களுக்கு மட்டும் யாரு உத்தரவு குடுத்தா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீ குண்டம் எறங்கோணுமே பாவாயி."

"எறங்குவேன். நீங்க இருந்தாலும் எறங்குவேன், போனாலும் எறங்குவேன். முன்னப் பின்ன ஆகும், அவ்வளவுதான். தம்பி, வண்டிய ஊருக்குள்ள உடு."

அம்மா வீட்டுக்கு வந்தார். ஆனால் எங்களுக்கு நிம்மதியில்லை. கோயிலில் கொட்டு நின்றால் தெருவே எங்கள் வாசலைப் பார்க்கும். கொட்டுக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினாலும் யாராவது ஓடி வந்து, "என்னாச்சுங்க?" என்பார்கள். "ஒண்ணுமில்லீங்க, இருக்கறாங்க" என்போம். அம்மாவுக்கும் அது காதில் விழுந்தது. "என்னைய வெச்சு ஊரே பயந்துட்டுக் கெடக்குது பாரு" என்றார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "எடுக்கறதத் தள்ளிப் போடாதீங்க சாமி" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா இறந்தார். அன்று சாயங்காலம்தான் குண்டம். அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு வாய் விட்டு அழக்கூடப் பயமாக இருந்தது. அண்ணன் கோயிலுக்குப் போன் செய்து சொன்னார். கொட்டு நின்றது.

பெரியப்பாவும் காப்புக் கட்டியவர். வர முடியாமல் போனிலேயே பேசினார். "சாயங்காலம் வரைக்கும் வெச்சிருங்கப்பா, தூரத்துச் சனமெல்லாம் வந்து மூஞ்சி பாக்கட்டும். அம்மன் எங்கயும் போயிர மாட்டா" என்றார். அண்ணன், "அம்மாவோட பேச்சுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டார். உச்சி வேளைக்குள் எடுத்துவிட்டோம். அதனால் மேச்சேரியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்பி வந்தும் முகம் பார்க்க முடியாமல் போன சொந்தங்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு காப்புக் கட்டியிருந்ததால் அன்று வாசலில் கூட்டம் இல்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர், "ஊருக்கே ஓடுனவளுக்கு ஊருல ஒரு நாதியில்லையே" என்று சொல்லி அழுதார்.

உடலைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தபோது, மஞ்சள் துணி உடுத்தியவர்கள் எல்லாம் தூரத்தில், கோயில் பக்கம், வரிசையாக நின்றார்கள். கிட்டே வரக் கூடாது, அழவும் கூடாது. பாவாயி சின்னம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அடக்கம் முடிந்து கோயிலைக் கழுவி, கொஞ்சம் தாமதமாகக் குண்டம் பற்ற வைத்தார்கள். கொட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், சிலிண்டர் தீரும் வரை எங்களோடு காத்திருந்த டிரைவர் தம்பிக்கும், பெரியப்பாவுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று மனம் வெந்து அழுத பெரியம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் புதன்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிவிட்டீர்கள். அன்று மத்தியானம் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். காப்பை அவிழ்த்ததும் பாவாயி சின்னம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து, "அக்கா, எறங்கிட்டனுங்கக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவருக்குப் பின்னால் தெரு கொள்ளாமல் ஊர் நின்றது.

இப்படிக்கு,
மகள்