எலியைக் காத்த இலை

முருங்கையிலைச் சாறு கொடுத்த எலிகளைக் கதிர்வீச்சு அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்று பேப்பரில் வாசித்த அன்றே நான் அடுப்பை மூட்டிவிட்டேன். என் மனைவிக்கு அப்போது மார்பில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சைக்காக மன்னார்ப் பள்ளிமுனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தோம். விடிந்ததும் முருங்கையிலையைப் பனங்கட்டி போட்டுக் கசாயம் காய்ச்சி அவள் கையில் கொடுப்பேன். நான் உடுப்பு மாற்றி வருவதற்குள் கோப்பை காலியாகியிருக்கும்.

சிகிச்சையின் மூன்றாம் வாரம், டொக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“அந்த எலிகளுக்குப் புற்று இருந்ததோ?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

“புற்றைச் சாகடிக்கத்தானே கதிர் அடிக்கிறம். உங்கட இலை அதையும் சேர்த்துக் காப்பாத்தினால்? அப்பிடி நடக்குமெண்டு நிச்சயமாச் சொல்லேலாது. இப்போதைக்கு நிப்பாட்டுங்கோ.”

திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானே அவள் நோய்க்குக் காவல் நின்றேனோ? பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது விம்மிவிட்டேன்.

“அழாதேங்கோ. அந்த மணத்துக்கு எனக்கு வயித்தைப் பிரட்டும். நீங்கள் அங்காலை போனதும் கழுதைச் சட்டிக்குள்ளை ஊத்திப்போடுவன்,” என்றாள்.

தெருவில் திரியும் கழுதைகளுக்காக வாசல் படலையடியில் அவள் தண்ணீர் வைக்கும் சட்டி அது.

உண்மைதானா, என்னைத் தேற்றச் சொன்னாளா? மறுநாள் சட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பிவிட்டு மறைந்து நின்றேன். வழக்கமாக வரும் கழுதை முகர்ந்து பார்த்தது, குடிக்காமல் போய்விட்டது. கசாயத்தைத் தேடியதோ, தாகம்தான் இல்லையோ!

அவள் இப்போது சுகமாக இருக்கிறாள். அவளிடம் மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.